காணக் கற்பித்த ஆசான்

நுழையும்முன்

ஒரு நாட்டின் கலைச்செல்வங்கள் தலைநகர மாளிகைகளில் சேர்கின்றன. அவற்றுக்கு உரிமையுடைய மக்களில் பலர் அவற்றை ஒருமுறையேனும் காணாமல் வாழ்ந்து மறைகின்றனர். இந்த இடைவெளியைக் குறைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், ஸ்பெயின் நாட்டுக் கலை வரலாற்று அறிஞர் மனுவேல் பர்த்தலோமே கொசியோ. மறக்கப்பட்ட ஓர் ஓவியரின் பெருமையை ஆய்வினால் நிலைநாட்டிய அவர், ஓவியங்களை மலைச்சிற்றூர்களுக்கு அனுப்பியும் வைத்தார். ஆய்வையும் ஆசிரியப் பணியையும் ஒன்றாகவே கருதிய அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது லா ரியோஹா. அங்குள்ள ஆரோ என்னும் ஊரில் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் கொசியோ பிறந்தார். உயர்கல்வி பயிலத் தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்த அவர், பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இலக்கியமும் கற்றார்.

அக்காலத்தில் ஸ்பெயின் நாட்டுக் கல்வி பெரும் நெருக்கடிக்கு ஆளாகியிருந்தது. அரசுக்கும் சமயக் கோட்பாட்டுக்கும் மாறான எதையும் பேராசிரியர்கள் கற்பிக்கக் கூடாது என 1875-ஆம் ஆண்டு அரசு ஆணையிட்டது. அதற்குப் பணிய மறுத்த பேராசிரியர்கள் சிலர் பதவியை இழந்தனர். அவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ்கோ ஹினேர். பதவி இழந்தோர் சோர்ந்துவிடவில்லை. அரசின் உதவியையும் கட்டுப்பாட்டையும் வேண்டாத ஒரு கல்விக்கூடத்தை 1876-ஆம் ஆண்டு மாட்ரிட்டில் தொடங்கினர். ‘சுதந்திரக் கல்வி நிறுவனம்’ என்பது அதன் பெயர்.

அந்நிறுவனத்தின் முதல் மாணவர்களுள் ஒருவராகச் சேர்ந்த கொசியோ, விரைவில் அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். ஹினேரைத் தம் ஆசானாகவும் தந்தைக்கு நிகரானவராகவும் போற்றினார். இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள ஸ்பானியக் கல்லூரியில் சில காலம் தங்கிப் பயின்றதும் அவருடைய கலையறிவு வளரத் துணைசெய்தது. ஏட்டில் படித்த ஓவியங்களையும் சிற்பங்களையும் அவை இருந்த இடத்திலேயே நேரில் காணும் வாய்ப்பு அங்கே அவருக்குக் கிடைத்தது.

சுவர்களைக் கடந்த வகுப்பறை

சுதந்திரக் கல்வி நிறுவனத்தில் மனப்பாடத்துக்கு மதிப்பில்லை. தேர்வுக்காகப் படிப்பதை அதன் ஆசிரியர்கள் விரும்பவில்லை. பொருள்களை நேரில் கண்டும் தொட்டும் வினவியும் அறிவதே கல்வி என அவர்கள் கருதினர். ஆகவே மாணவர்களை ஆலைகளுக்கும் வயல்களுக்கும் மலைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அழைத்துச் சென்றனர். கலை கற்பிக்கும் பொறுப்பு கொசியோவிடம் வந்தது.

மாட்ரிட்டிலுள்ள பிராடோ அருங்காட்சியகம் அவருக்கு வகுப்பறையாயிற்று. 1819-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்ட அம்மாளிகையில் ஸ்பெயின் மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய ஓவியங்கள் இருந்தன. ஓவியர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் ஒப்பிக்கும் மாணவரைவிட, ஓவியத்தின் முன் நின்று ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, யாருடைய கண் யாரை நோக்குகிறது என்று சொல்லத் தெரிந்த மாணவரே கலையறிவு உடையவர் என்பது அவருடைய கொள்கை. காண்பதும் ஒரு திறன். பயிற்சியால் அதனை வளர்க்க இயலும் என அவர் உறுதியாக நம்பினார்.

கலை என்பது அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியது என்னும் எண்ணமும் அவரிடம் இல்லை. சிற்றூர்க் குயவர் வனைந்த கலங்களையும் உழவர் வீட்டுப் பெண்களின் பூத்தையல் வேலைப்பாடுகளையும் அவர் ஆர்வத்துடன் ஆராய்ந்தார். பெயர் தெரியாத கைகள் படைத்த அப்பொருள்களிலும் ஒரு மக்களினத்தின் அழகுணர்வு வாழ்கிறது என எடுத்துரைத்தார்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நூல்களும் கருவிகளும் வழங்குவதற்காக 1882-ஆம் ஆண்டு மாட்ரிட்டில் கல்வியியல் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற கொசியோ, 1929-இல் ஓய்வு பெறும்வரை அதனை வழிநடத்தினார். தலைநகரின் ஏழைக் குழந்தைகளைக் கோடை விடுமுறையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பள்ளி முகாம் 1887-இல் அந்நிறுவனத்தின் வழியாகவே ஸ்பெயினில் முதன்முதலாக நடைபெற்றது. 1904-இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தது.

மறக்கப்பட்ட ஓவியர்

மாட்ரிட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், தாகஸ் ஆறு மூன்று புறமும் வளைந்தோட, பாறைக் குன்றின்மேல் அமைந்த பழைய நகரம் டொலேடோ. கொசியோ தம் மாணவர்களுடன் அடிக்கடி சென்ற ஊர் அது. அங்குள்ள கோயில்களிலும் மடங்களிலும் ஓர் அயல்நாட்டு ஓவியரின் படைப்புகள் இருந்தன. கிரேக்கர் என்னும் பொருளில் ‘எல் கிரேக்கோ’ என ஊரார் அவரை அழைத்தனர். அவருடைய இயற்பெயர் தொமேனிகோஸ் தியோதோகோபுலோஸ்.

எல் கிரேக்கோ 1541-இல் கிரீட் தீவில் பிறந்தவர். வெனிசிலும் உரோமிலும் வாழ்ந்தபின் ஸ்பெயினுக்கு வந்து, 1577 முதல் டொலேடோவில் தங்கி, 1614-இல் அங்கேயே மறைந்தார். அவர் வரைந்த மாந்தர் இயல்பைவிட நீண்டு நெடிது நிற்பர். தீச்சுடர்போல் மேல்நோக்கி நெளிவர். வண்ணங்களோ குளிர்ந்தும் திடீரெனச் சுடர்விட்டும் தோன்றும். அவர் மறைந்தபின் வந்த தலைமுறையினர்க்கு இந்தப் பாணி விளங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய ஓவியர்களின் வரலாற்றை எழுதிய அந்தோனியோ பலோமினோவே அவருடைய பிற்கால ஓவியங்களை நகைப்புக்கு உரியனவாக ஒதுக்கினார். ஓவியருக்குச் சித்தம் கலங்கிவிட்டது எனச் சிலர் கூறினர். அவருடைய கண்ணில் குறை இருந்தது என வேறு சிலர் விளக்கினர்.

கண்குறை என்னும் விளக்கம் சிந்தித்துப் பார்த்தால் நிலைக்காது. குறையுள்ள கண் மனிதரை நீட்டிக் காட்டுமாயின், தான் வரையும் திரையையும் அவ்வாறே நீட்டிக் காட்டும். இரண்டும் ஈடாகி, ஓவியத்தில் மனிதர் இயல்பான அளவிலேயே அமைந்திருப்பர். எனவே அந்த நீட்சி, ஓவியர் அறிந்தே தேர்ந்துகொண்ட வழி. அவர் ஏன் அவ்வாறு தேர்ந்தார் என்பதே ஆராயத்தக்க வினா.

நூல் பிறந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் எல் கிரேக்கோவை விரும்பத் தொடங்கியிருந்தனர். 1902-இல் பிராடோ அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. எனினும் அவருடைய படைப்புகள் எத்தனை, அவை எங்கெங்கு உள்ளன, எந்த ஓவியம் எக்காலத்தில் வரையப்பட்டது என்பவற்றைத் தொகுத்துச் சொல்லும் நூல் இல்லை. விருப்பம் இருந்தது, அறிவு இல்லை. அந்தக் குறையை நீக்கும் பணியைக் கொசியோ பல ஆண்டுகள் மேற்கொண்டார்.

அப்பணி எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசு மடங்கள் பலவற்றை மூடி அவற்றின் உடைமைகளை எடுத்துக்கொண்டபோது, எண்ணற்ற ஓவியங்கள் இடம்பெயர்ந்தன. சில அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. சில விற்கப்பட்டு அயல்நாடு சென்றன. எஞ்சியவை இருண்ட கோயில்களில் மெழுகுவத்திப் புகை படிந்து கிடந்தன. மேலும், எல் கிரேக்கோவின் பணிக்கூடத்தில் உதவியாளர்கள் அவருடைய ஓவியங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்திருந்தனர். எது அவர் கை, எது உதவியாளர் கை எனப் பிரித்தறிதல் வேண்டும். கையொப்பத்தைப் படித்தும், பழைய ஒப்பந்தங்களை ஒப்புநோக்கியும், தூரிகையின் போக்கைக் கூர்ந்து கண்டுமே இம்முடிவுகளை எட்ட இயலும்.

1908-ஆம் ஆண்டு ‘எல் கிரேக்கோ’ என்னும் கொசியோவின் நூல் மாட்ரிட்டில் வெளிவந்தது. ஓவியரின் வாழ்க்கை, அவர் பயின்ற மரபுகள், ஓவியங்களின் திறனாய்வு, ஏறத்தாழ 380 படைப்புகளின் பட்டியல், ஒளிப்படங்கள் ஆகியவற்றை அது கொண்டிருந்தது. டொலேடோவின் சாந்தோ தோமே கோயிலில் உள்ள ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ என்னும் ஓவியத்தை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. அறச்செயல்களால் பெயர்பெற்ற ஒரு பிரபுவின் உடலை அடக்கம் செய்ய விண்ணிலிருந்து புனிதர் இருவர் இறங்கிவந்தனர் என்பது அவ்வூர் வழக்குக்கதை. 1586-இல் அக்கோயிலின் பங்குக்குரு இவ்வோவியத்தை எல் கிரேக்கோவிடம் ஒப்படைத்தார். கீழ்ப்பாதியில் கறுப்புடை அணிந்த டொலேடோ நகரத்தார் வரிசையாக நிற்கின்றனர். மேற்பாதியில் விண்ணுலகம் திறந்திருக்கிறது. கீழே உருவங்கள் இயல்பான அளவில் அமைய, மேலே அவை நீண்டு நெளிகின்றன. ஒரே ஓவியத்தில் இரண்டு முறைகளையும் கையாண்ட ஒருவரைக் கண்குறை உடையவர் என்றோ சித்தம் கலங்கியவர் என்றோ எவரும் கூற இயலாது.

ஆய்வாளர் குழாம்

ஒரு நூல் வெளிவந்ததுடன் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. கொசியோவின் நூல் பலரைத் தேடலுக்குத் தூண்டியது. 1910-ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ சான் ரோமான் என்னும் இளம் ஆய்வாளர், டொலேடோ ஆவணக்காப்பகங்களைத் துருவி, எல் கிரேக்கோவின் வாழ்க்கை குறித்த புதிய ஆவணங்களை வெளியிட்டார். ஓவியர் மறைந்தபின் அவருடைய வீட்டில் இருந்த பொருள்களின் பட்டியலும் அவற்றுள் ஒன்று. அதே காலத்தில் வேகா இங்க்லான் கோமகனின் முயற்சியால் டொலேடோவில் எல் கிரேக்கோவுக்கென ஓர் அருங்காட்சியகம் உருவாயிற்று.

1910-இல் மாட்ரிட்டில் தோன்றிய வரலாற்று ஆய்வு மையத்தில் மனுவேல் கோமெஸ்-மொரேனோ, எலியாஸ் தோர்மோ முதலிய அறிஞர்கள் கலை வரலாற்றை முறையான கல்வித்துறையாக வளர்த்தனர். மாகாணம்தோறும் சென்று கட்டடங்களையும் சிற்பங்களையும் ஓவியங்களையும் ஒளிப்படம் எடுத்துப் பதிவுசெய்தனர். 1925-இல் ஸ்பானியக் கலைக்கும் தொல்லியலுக்கும் உரிய ஆய்விதழையும் அவர்கள் தொடங்கினர். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், நியூயார்க்கில் ஆர்ச்சர் ஹன்டிங்டன் 1904-இல் நிறுவிய ஹிஸ்பானிக் சங்கம், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளின் கலைகளையும் நூல்களையும் திரட்டி ஆய்வாளர்க்குத் திறந்துவைத்தது. இவ்வாறு பல நாடுகளிலும் ஓர் ஆய்வாளர் குழாம் உருவாயிற்று.

அக்குழாம் கொசியோவையும் திருத்தியது. அவர் பட்டியலிட்ட ஓவியங்கள் சில, எல் கிரேக்கோவின் கைப்பட வரையப்பட்டவை அல்ல எனப் பின்வந்தோர் நீக்கினர். காஸ்தில் நிலத்தின் ஆன்மாவே அவ்வோவியங்களில் வெளிப்படுகிறது என்னும் அவருடைய கருத்தும் பின்னாளில் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. கிரீட்டின் திருவுருவ ஓவிய மரபும் இத்தாலியக் கலைக் கொள்கைகளும் எல் கிரேக்கோவை எவ்வளவு ஆழமாக வடிவமைத்தன என்பதைப் புதிய சான்றுகள் காட்டின. எனினும் அந்தத் திருத்தங்கள் யாவும் கொசியோ இட்ட அடித்தளத்தின்மேல் நின்றே செய்யப்பட்டன. தனக்குப் பின் வருவோர் திருத்தத்தக்க அளவுக்குத் தெளிவாக எழுதப்படுவதே ஓர் ஆய்வு நூலின் சிறப்பு.

சிற்றூர்களை நோக்கி

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஸ்பெயின் குடியரசு நாடாயிற்று. மே மாத இறுதியில் புதிய அரசு ‘கல்விப் பணிக்குழு’ என்னும் அமைப்பை உருவாக்கியது. அதன் தலைவராகக் கொசியோ பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 74. நோயினால் உடல் நலிந்திருந்தார். கவிஞர்கள் அந்தோனியோ மச்சாதோ, பெத்ரோ சலினாஸ் ஆகியோரும் அக்குழுவில் இடம்பெற்றனர்.

நகரத்தார்க்கு நூலகமும் அரங்கமும் அருங்காட்சியகமும் இருந்தன. மலையிடுக்குகளில் வாழ்ந்த உழவர்க்கோ எழுத்தறிவுகூட எட்டவில்லை. பல ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் இல்லை. அம்மக்களுக்குத் தேர்வும் சான்றிதழும் இல்லாத, மகிழ்ச்சியூட்டும் கல்வியை வழங்குவதே குழுவின் நோக்கம். ஆசிரியர்களும் மாணவர்களும் கலைஞர்களும் தன்னார்வமாக முன்வந்தனர். நூல்கள், இசைத்தட்டுகள், திரைப்படக் கருவி, மின்னாக்கி ஆகியவற்றை ஊர்திகளில் ஏற்றிச் சென்றனர். சாலை முடிந்த இடத்தில் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றினர். 5,000-க்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு நூலகங்கள் வழங்கப்பட்டன.

கொசியோவின் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது ‘மக்கள் அருங்காட்சியகம்’ என்னும் பிரிவு. பிராடோவின் புகழ்பெற்ற ஓவியங்களை ரமோன் காயா, ஹுவான் பொனாபே, எதுவார்தோ விசென்தே ஆகிய இளம் ஓவியர்கள் கையால் படியெடுத்தனர். 1932 முதல் அப்படிகள் ஊர் ஊராகப் பயணம் செய்தன. முதல் தொகுப்பில் 14 ஓவியங்கள் இருந்தன. வெலாஸ்கஸ், எல் கிரேக்கோ, ரிபேரா, சுர்பரான், முரில்லோ, கோயா ஆகியோரின் படைப்புகள் அவற்றுள் அடங்கும். பள்ளிக்கூடத்திலோ ஊர்மன்றக் கூடத்திலோ அவை மாட்டப்பட்டன. உடன்வந்தோர் ஒவ்வோர் ஓவியத்தையும் எளிய மொழியில் விளக்கினர். குழு புறப்படும்போது ஓவியங்களின் அச்சுப்படங்களை அவ்வூரிலேயே விட்டுச் சென்றது. கவிஞர் லூயிஸ் செர்னுதாவும் இப்பயணங்களில் பங்குகொண்டார்.

இம்முயற்சியை எதிர்த்தோரும் இருந்தனர். மூல ஓவியம் ஒன்றே கலை. படி அதன் நிழலே என்பது ஒரு சாரார் கருத்து. தம் வாழ்நாள் முழுவதும் மூலத்தையும் படியையும் பிரித்தறிவதில் ஈடுபட்டிருந்த கொசியோ அவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். ஆயினும் மூலத்தைக் காண இயலாதவர்க்கு நல்ல படியையும் மறுப்பது நேர்மையாகாது என அவர் எண்ணினார். நூல் நூற்கும் பெண்களை வெலாஸ்கஸ் தீட்டிய ஓவியம், கையால் நூல் நூற்றுப் பழகிய பெண்களின் முன் வந்து நிற்பதில் ஒரு நீதி இருந்தது.

மற்றோர் எதிர்ப்பு இதனினும் கடுமையானது. பசித்தவர்க்கு ஓவியம் எதற்கு என்பதே அது. 1934-இல் வடமேற்கிலுள்ள சனாப்ரியா பகுதிக்குச் சென்ற இளைஞர்கள், கொடிய வறுமையிலும் நோயிலும் உழன்ற மக்களைக் கண்டனர். தம்மிடம் பாடலும் கவிதையும் மட்டுமே இருந்ததை எண்ணி உள்ளம் குன்றினர். அதன்பின் அப்பகுதியில் பள்ளி உணவுக்கூடம் முதலிய நடைமுறை உதவிகளையும் இணைத்துக் குழு பணியாற்றியது. சோறும் மருந்தும் முதலில் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சோறு கிடைக்கும்வரை அழகும் அறிவும் காத்திருக்க வேண்டும் எனின், ஏழைகள் என்றென்றும் காத்திருக்க நேரும் என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில் நின்றுகொண்டுதான் கல்விப் பணிக்குழு தன் கடமையைச் செய்தது.

நிறைவு

1934-ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசு கொசியோவுக்குக் ‘குடியரசின் மதிப்புறு குடிமகன்’ என்னும் சிறப்பை அளித்தது. உடல்நலம் குன்றியதால் சிற்றூர்ப் பயணங்களில் கலந்துகொள்ள இயலாத அவர், இல்லத்தில் இருந்தவாறே அவற்றின் செய்திகளுக்காகக் காத்திருந்தார். 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், மாட்ரிட்டுக்கு அருகிலுள்ள கொலியாதோ மெதியானோ என்னும் மலையூரில் இயற்கை எய்தினார். மாட்ரிட் நகரின் பொது இடுகாட்டில் தம் ஆசான் ஹினேரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. கல்விப் பணிக்குழுவின் பயணங்கள் நின்றன. போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சி சுதந்திரக் கல்வி நிறுவனத்தைத் தடைசெய்து அதன் உடைமைகளைக் கைப்பற்றியது. ஓவியங்களைப் படியெடுத்த காயா மெக்சிகோவுக்குப் புலம்பெயர்ந்தார். செர்னுதாவும் சலினாசும் தாய்நாட்டைவிட்டு அகன்றனர். மச்சாதோ எல்லையைக் கடந்த சில வாரங்களில் பிரான்சு நாட்டில் உயிர்துறந்தார்.

போரும் அடக்குமுறையும் அழிக்க இயலாதவை சில எஞ்சின. எல் கிரேக்கோ இன்று உலகப் பெரும் ஓவியர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்; அவரைக் குறித்து ஆராய்வோர் கொசியோவின் நூலிலிருந்தே தொடங்குகின்றனர். கல்விப் பணிக்குழுவினர் எடுத்த ஒளிப்படங்களும் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றில் ஓவியமோ திரைப்படமோ காணப்படவில்லை. அவற்றை முதன்முதலாகக் காணும் முதியோர், தாய்மார், சிறுவர் ஆகியோரின் விரிந்த கண்களே அவற்றில் பதிவாகியுள்ளன.